மூச்சு வாங்குகிறதா? மலைவாழ் மக்களின் இருதய, நுரையீரல் வியாதிகளைக் குறித்து ஒரு பாடம்



"மேடு ஏறினா மூச்சு வாங்குதுங்க டாக்டரய்யா." பழனி மலையின் ஊர்களிலிருந்து வருகிறவர்கள் எங்களிடம் மிகுதியாகச் சொல்லும் வார்த்தைகள் இவை. பூம்பாறையில் பூண்டு பயிரிடுகிறவரும், தாண்டிக்குடியில் காப்பித் தோட்டத்தில் பழம் பறிக்கிற அம்மாவும், பண்ணைக்காட்டு மளிகைக் கடைக்காரரும் இதையே சொல்லுகிறார்கள். கூடவே காரணத்தையும் அவர்களே சொல்லிவிடுகிறார்கள்: "வயசாயிடுச்சு", "பனிக்காலம்", "மலைன்னா அப்படித்தானே".

மலையில் மேடும் உண்டு, பனியும் உண்டு. ஆனால் வழக்கமாக ஏறிய மேட்டில் ஒருவருக்குப் புதிதாக மூச்சு வாங்கினால், அதற்கு மேட்டைக் குற்றம் சொல்ல முடியாது. மேடு அதே மேடுதான். மாறியிருப்பது அவருடைய இருதயமோ நுரையீரலோ ஆகும். இந்த வேறுபாட்டை அறியாததால் ஆறு மாதத்தில் குணமாக வேண்டியவர் இரண்டு வருடம் இருமிக்கொண்டிருக்கிறார். மாத்திரையால் காக்கப்பட வேண்டியவர் பக்கவாதத்தோடு கட்டிலில் கிடக்கிறார். நீங்கள் தாங்கிவரும் சிகிச்சை எப்படிப்பட்டது என்று நீங்கள் அறியவும், உங்கள் வீட்டிலும் சபையிலும் உள்ளவர்களுக்கு உதவவும் இப்பாடத்தை எழுதுகிறோம்.

மலைக்காற்று மருந்தாகுமா?

கொடைக்கானலுக்கும் சுகத்துக்கும் உள்ள தொடர்பு பழமையானது. சமவெளியில் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் தங்கள் பிள்ளைகளையும் உடன் ஊழியரையும் பறிகொடுத்த அமெரிக்க மதுரை மிஷனார், 1845-ஆம் ஆண்டு இம்மலைமேல் சன்னிசைட், ஷெல்ட்டன் என்னும் முதல் இரண்டு வீடுகளைக் கட்டினார்கள். மதுரையில் மருத்துவ ஊழியம் செய்த டாக்டர் ஃபிராங்க் வான் ஆலனின் பெயரால் கொடைக்கானலில் பின்னர் ஒரு மருத்துவமனை எழுந்தது. "நல்ல காற்று, நல்ல சுகம்" என்ற நம்பிக்கை இவ்வாறு வேரூன்றியது.

நுரையீரல் வியாதிகளைப் பொறுத்தவரை இந்த நம்பிக்கை உலகெங்கும் இருந்தது. காசநோய்க்கு மருந்து இல்லாத காலத்தில் நல்ல காற்று, ஓய்வு, சத்துள்ள ஆகாரம் ஆகிய மூன்றே சிகிச்சை. அதற்காகவே சானடோரியங்கள் கட்டப்பட்டன. மதனப்பள்ளிக்கு அருகே ஆரோக்கியவரத்தில் பல மிஷன்கள் கூடி ஒன்றை நடத்தின. டாக்டர் சவரிமுத்து 1928-இல் தாம்பரத்தில் ஒன்றைத் தொடங்கினார். ஆனால் படுக்கைகள் ஆயிரங்களில், நோயாளிகளோ இலட்சங்களில். இடம் கிடைக்காதவர் என்ன செய்வது?

இக்கேள்விக்கு விடை நம் தமிழகத்திலிருந்துதான் வந்தது. 1956-இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் ஒன்று நிறுவப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலகச் சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை அதில் கைகோத்தன. சென்னையின் ஏழை மக்களில் காசநோய் கண்டவர்களை இரு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினர் சானடோரியத்தில் காற்றோட்டமான அறைகளிலும், ஓய்விலும், நல்ல ஆகாரத்திலும் பராமரிக்கப்பட்டார்கள். மற்றப் பிரிவினர் தங்கள் நெருக்கமான வீடுகளிலேயே, கிடைத்த ஆகாரத்தை உண்டு வாழ்ந்தார்கள். இரு பிரிவினருக்கும் கொடுக்கப்பட்ட மருந்துகள் ஒன்றே. காலமும் ஒரே ஒரு வருடம். 1959-இல் முடிவு வெளியானது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய சானடோரியத்தில் இருந்தவர்களைப் போலவே சுகமடைந்திருந்தார்கள். அவர்களோடு ஒரே கூரையின் கீழ் வாழ்ந்த குடும்பத்தாருக்கு இதனால் அதிக ஆபத்து உண்டாகவில்லை என்பதும் தொடர்ந்து கவனித்ததில் தெரியவந்தது.

உலக நாடுகளில் காசநோய்ச் சிகிச்சையின் முறையையே இது மாற்றியது. அந்த மையம் இன்று சென்னை சேத்துப்பட்டில் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இயங்கிவருகிறது. அதன் பாடம் இக்கட்டுரை முழுமைக்கும் அடிப்படை: சுகம் தருவது இடமல்ல, நாள் தவறாமல், முடிவுவரை எடுக்கும் மருந்து. காசநோய்க்கு மட்டுமல்ல, இனிச் சொல்லப்போகும் வியாதிகள் பலவற்றுக்கும் இது பொருந்தும்.

இரு உறுப்புகள், ஒரே ஊழியம்

இருதயத்தையும் நுரையீரலையும் சேர்த்தே ஏன் பேசுகிறோம்? அவை ஒன்றையொன்று சார்ந்து வேலை செய்பவை. உடலெங்கும் சுற்றிக் களைத்து வரும் இரத்தத்தை இருதயத்தின் வலப்பக்கம் நுரையீரலுக்கு அனுப்புகிறது. அங்கே அது பிராணவாயுவைப் பெற்று இடப்பக்கத்துக்குத் திரும்புகிறது. இடப்பக்கம் அதை உடலெங்கும் செலுத்துகிறது. ஒரு நிமிடத்துக்குச் சுமார் 70 துடிப்பு, 5 லிட்டர் இரத்தம். ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு இலட்சம் துடிப்பு.

எனவே இருதயம் தளர்ந்தால் இரத்தம் பின்னோக்கித் தேங்கி நுரையீரலில் நீர் கோக்கிறது. நுரையீரல் பல வருடம் கெட்டிருந்தால், அதற்குள் இரத்தத்தைத் தள்ளித் தள்ளி இருதயத்தின் வலப்பக்கம் களைத்துப்போகிறது. எது முதலில் கெட்டாலும் நோயாளி சொல்வது ஒன்றுதான்: "மூச்சு வாங்குது."

உயரத்துக்கும் இதில் பங்கு உண்டு. சுமார் 7,000 அடி உயரத்திலுள்ள கொடைக்கானலில் காற்றின் அழுத்தம் குறைவு. அதனால் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயு கடற்கரை ஊர்களைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. சுகமான உடல் இதைச் சமாளித்துக்கொள்ளும். ஏற்கெனவே பாதி கெட்ட நுரையீரலுக்கோ தளர்ந்த இருதயத்துக்கோ அந்த ஐந்தில் ஒரு பங்கு பெரிய இழப்பு.

நுரையீரல் வியாதிகள்

1. அடுப்புப் புகையும் பீடியும்

குளிர் மிகுந்த மலைக் கிராமங்களில் அடுப்பு சமைப்பதற்கு மட்டுமல்ல, குளிர் காய்வதற்கும்தான். சவுக்கு, தைலமரம், காப்பிச் செடியின் கழித்த கிளைகள் ஆகியவை எரிகின்றன. குளிருக்குப் பயந்து கதவும் சன்னலும் மூடியிருக்கும். சிறு வயதிலிருந்தே அந்த அடுப்பின்முன் உட்கார்ந்த பெண், ஒரு பீடியையும் தொட்டிராவிட்டாலும், 50 வயதில் பீடி குடித்தவரைப் போலவே மூச்சிரைக்க வந்து நிற்கிறார். வீட்டுப் புகையால் உலகில் வருடந்தோறும் சுமார் 32 இலட்சம் பேர் மரிக்கிறார்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2020-ஆம் ஆண்டைக் கொண்டு கணக்கிட்டிருக்கிறது.

இவ்வியாதிக்கு நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்று பெயர். புகை மூச்சுக்குழாய்களைத் தடிக்கச் செய்து, நுரையீரலின் நுண்ணிய காற்றுப்பைகளை அழிக்கிறது. அழிந்த பைகள் மீண்டும் வளர்வதில்லை. ஆனால் புகையை நிறுத்தினால் அழிவின் வேகம் குறையும். எந்த வயதில் நிறுத்தினாலும் பலன் உண்டு. "பீடி இலைதானே, சிகரெட்டு மாதிரி இல்லையே" என்பார்கள். உண்மையில் பீடியை அணையாமல் வைக்க அடிக்கடி, ஆழமாக இழுக்க வேண்டியிருப்பதால் தீங்கு சிகரெட்டுக்குக் குறைந்ததல்ல.

சிகிச்சை: புகையை விடுதல், மூச்சுக்குழாயை விரிக்கும் இன்ஹேலர், வருடந்தோறும் சளிக்காய்ச்சல் தடுப்பூசி, உதட்டைக் குவித்து மெல்ல மூச்சை விடும் பயிற்சி, இயன்ற அளவு தினசரி நடை. வீட்டில் எரிவாயு அடுப்பு. அது இயலாவிட்டால் புகைபோக்கி உள்ள அடுப்பு. அதுவும் இயலாவிட்டால் சமைக்கும்போது சன்னலையாவது திறந்து வைத்தல்.

2. ஆஸ்துமா

நம் மக்கள் இதை இளைப்பு என்றும் "வீசிங்" என்றும் சொல்லுவார்கள். குளிர்காற்று, ஈரச்சுவரின் பூஞ்சணம், கம்பளியில் சேரும் தூசு, பூந்தாது, புகை, சளி ஆகியவற்றில் எதுவும் மூச்சுக்குழாயைச் சுருங்கச் செய்யலாம். இரவிலும் விடியற்காலையிலும் மூச்சு விசிலடிப்பதும், இடையே சுகமாக இருப்பதும் இதன் அடையாளம்.

இங்கே நாங்கள் மருந்தோடு மட்டுமல்ல, ஒரு பயத்தோடும் போராடுகிறோம். "இன்ஹேலர் பிடிச்சா விடமுடியாது; அது கடைசி மருந்து" என்ற எண்ணம் படித்தவர்களிடமும் உண்டு. இன்ஹேலர் கடைசி மருந்தல்ல, முதல் மருந்து. மாத்திரை வயிற்றுக்குப் போய் உடலெங்கும் சுற்றுகிறது; இன்ஹேலரோ மிகச் சிறிய அளவு மருந்தை வேண்டிய இடத்துக்கே நேராகக் கொண்டுபோகிறது. அதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, இளைப்பு வந்தபின் உடனே ஆற்றுவது. மற்றொன்று, வராதபடி தினமும் தடுப்பது. ஆற்றுவதை மட்டும் வாங்கி, தடுப்பதை விட்டுவிடுவதால்தான் பலர் மூச்சுத் திணறி நடுராத்திரியில் தூக்கிவரப்படுகிறார்கள். தடுக்கும் மருந்தை எடுத்தபின் வாயைக் கொப்பளிக்க வேண்டும். கையாளத் தெரியாத குழந்தைகளுக்கும் முதியோருக்கும் ஸ்பேசர் என்னும் பிளாஸ்டிக் குழலைப் பொருத்திக் கொடுக்கலாம்.

3. காசநோய்

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, பசியின்மை, எடை குறைதல், சளியில் இரத்தம்: இவற்றில் ஒன்றிருந்தாலும் சளியைப் பரிசோதிக்க வேண்டும். அரசு நிலையங்களில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாதச் சிகிச்சை போதும். நோயாளியின் ஆகாரத்துக்கென மத்திய அரசு 2018 முதல் மாதம் 500 ரூபாய் கொடுத்துவந்தது. 2024 நவம்பரிலிருந்து அது 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது.

இதில் தடை பணமல்ல. முதல் இரண்டு மாதத்தில் கிடைக்கும் சுகமே தடை! இருமல் நின்று, காய்ச்சல் விட்டு, உடம்பு தேறிவிடுகிறது. கேரட் அறுவடைக்கு ஆள் தேவை, கூலி கிடைக்கிறது. "நல்லாயிட்டேனே" என்று மாத்திரையை விட்டுவிடுகிறார். ஆனால் சாகாமல் மறைந்திருக்கும் கிருமிகள் மீண்டும் எழும்புகின்றன. அப்போது பழைய மருந்துக்கு அவை கட்டுப்படாமலும் போகலாம். ஆகவேதான் மூன்றாம் மாதத்தில் வராதவரைத் தேடி எங்கள் கிராமச் செவிலியர் போகிறார். சென்னையில் 1950களில் கற்ற பாடம் அதுவே. வீட்டிலிருந்தே சுகமடையலாம், ஆனால் வீட்டுக்கு யாராவது போய்ப் பார்க்க வேண்டும்.

4. குழந்தைகளின் நிமோனியா

சளி பிடித்த குழந்தையின் மூச்சை எண்ணத் தாய்மாருக்குக் கற்றுக்கொடுக்கிறோம். குழந்தை அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கி, ஒரு நிமிடம் முழுவதும் வயிறு ஏறி இறங்குவதை எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 60-ம், இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 50-ம், ஒரு வயது முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 40-ம், அதற்கு மேலும் இருந்தால் நிமோனியாவாக இருக்கலாம். மூச்சிழுக்கும்போது விலாவின் கீழ்ப்பகுதி உள்ளே குழிந்தாலும், பால் குடிக்க முடியாமல் சோர்ந்து கிடந்தாலும், வலிப்பு வந்தாலும் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. நிமோகாக்கல் தடுப்பூசி 2021 முதல் தமிழகத்தில் அரசுத் தடுப்பூசி அட்டவணையில் சேர்க்கப்பட்டு இலவசமாகப் போடப்படுகிறது.

இருதய வியாதிகள்

1. இரத்தக் கொதிப்பு

இது வலி தராத வியாதி. அதுவே இதன் ஆபத்து. பலமுறை பார்த்தும் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் இரத்தக் கொதிப்பு உண்டு எனலாம். கவனிக்காமல் விட்டால் இருதயத்தையும், சிறுநீரகத்தையும், மூளையின் இரத்தக் குழாய்களையும் அது மெல்லக் கெடுக்கிறது. தலைச்சுற்றல் இருக்கும் நாளில் மட்டும் மாத்திரை போடுகிறவர்கள் அநேகர். மாத்திரை தலைச்சுற்றலுக்கல்ல, பத்து வருடம் கழித்து வரக்கூடிய பக்கவாதம் வராதிருக்கவே.

உப்பு ஒரு நாளைக்கு ஒரு தேக்கரண்டிக்குள், அதாவது 5 கிராமுக்குள், அடங்க வேண்டும். ஊறுகாய், கருவாடு, அப்பளம், மோர் மிளகாய், கடை மிக்சர் ஆகியவற்றிலுள்ள உப்பும் இந்தக் கணக்கில் சேரும். தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். உங்கள் ஊரிலும் கேட்டுப் பாருங்கள்.

2. மாரடைப்பு

இருதயத்துக்கே இரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபட்டால் அதன் தசை சாகத் தொடங்குகிறது. நெஞ்சின் நடுவில் பாறாங்கல்லை வைத்ததுபோல் அழுத்தம், அது இடக் கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவுதல், குளிர்ந்த வியர்வை, வாந்தி, மூச்சுத்திணறல்: இவை அடையாளங்கள். சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் முதியோருக்கும் வலியே இல்லாமல் களைப்பும் மூச்சிரைப்பும் மட்டும் வரலாம்.

நம் மக்களிடையே மாரடைப்பின் முதல் மணி நேரத்தை விழுங்கிவிடும் ஒரு சொல் உண்டு. அது "வாயு". சோடா குடிக்கிறார்கள், ஓமத் தண்ணீரோ சீரகத் தண்ணீரோ வைத்துக் கொடுக்கிறார்கள், நெஞ்சில் தைலம் தேய்க்கிறார்கள், ஏப்பம் வந்தால் சரியாகும் என்று காத்திருக்கிறார்கள். மதுரையில் இருப்பவருக்கு இந்தத் தாமதம் ஒரு மணி நேரம் என்றால், மன்னவனூரில் இருப்பவருக்கு அது மலைப்பாதையோடு சேர்ந்து நான்கைந்து மணி நேரம் ஆகிவிடும். கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டு வழியாக மதுரைக்கு வண்டியில் மூன்று மணி நேரத்துக்குமேல் ஆகும் என்பதை நீங்களே அறிவீர்கள்.

இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி எவ்வளவு சீக்கிரம் போடப்படுகிறதோ அவ்வளவு தசை பிழைக்கும். ஆகவே மலையில் வாழ்வோர் பெரிய மருத்துவமனையை எண்ணி நேராகக் கீழே இறங்காமல், முதலில் அருகிலுள்ள இடத்தில் ஈ.சி.ஜி. எடுத்து முதல் மருந்தைப் பெறுவது நல்லது. 108-ஐ அழைக்க வேண்டும். தமிழக அரசு 2023-இல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தின்படி, மாரடைப்பின் அறிகுறியோடு வருவோருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் மாத்திரைகளைக் கொடுத்து மேல்சிகிச்சைக்கு அனுப்புகிறார்கள். மாத்திரைகள் மொத்தம் 14: ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரெல் 4, அட்டார்வாஸ்டாட்டின் 8. வாயுதானா என்று தீர்மானிப்பது ஈ.சி.ஜி.யின் வேலை, சோடாவின் வேலையல்ல.

3. வாதக் காய்ச்சலால் வரும் வால்வுக் கோளாறு

நாங்கள் மிகவும் வருந்தும் வியாதி இது. ஏனெனில் இது இளைஞரையே பிடிக்கிறது, அதுவும் ஏழைகளில். 5 முதல் 15 வயதுவரையுள்ள பிள்ளைக்கு ஒருவகைக் கிருமியால் தொண்டைவலி வருகிறது. இரண்டு மூன்று வாரம் கழித்துக் காய்ச்சலோடு முழங்கால் வீங்குகிறது. அது வடிந்து கணுக்கால் வீங்குகிறது. பின்பு எல்லாம் சரியாகிவிடுகிறது. ஆனால் கிருமியை எதிர்க்க எழுந்த உடலின் சக்தி இருதயத்தின் வால்வுகளையும் தாக்கியிருக்கும். ஒவ்வொரு முறை காய்ச்சல் திரும்பும்போதும் வால்வு மேலும் தடித்துச் சுருங்கும்.

பத்துப் பதினைந்து வருடம் கழித்து, அந்தப் பெண்பிள்ளைக்குத் திருமணமாகி முதல் கர்ப்பம் தரிக்கிறது. கர்ப்பத்தில் இரத்தத்தின் அளவு ஏறக்குறைய பாதி கூடுவதால், சுருங்கிய வால்வு தாங்குவதில்லை. ஐந்தாம் ஆறாம் மாதத்தில் படுக்க முடியாமல் மூச்சிரைக்க வருகிறாள். "புள்ளத்தாச்சின்னா மூச்சு வாங்கத்தான் செய்யும்" என்று மாமியார் சொல்லியிருப்பார். தாயும் பிள்ளையும் இருவரும் ஆபத்தில் இருப்பார்கள்.

சுருங்கிய வால்வை அறுவையாலோ, பலூனாலோ விரிக்கலாம். இந்தியாவில் மார்பு அறுவை சிகிச்சைக்கு அடித்தளமிட்டவர்களில் ஒருவர் டாக்டர் ரீவ் பெட்ஸ்; அவர் 1940களின் இறுதியில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் அப்பணியைத் தொடங்கினார். அக்கல்லூரியை நிறுவிய டாக்டர் ஐடா ஸ்கட்டர் தம் முதிர்வயதில் வாழ்ந்து, 1960-இல் மரித்ததும் நம் கொடைக்கானலில்தான்.

ஆனால் அறுவைவரை போக வேண்டியதில்லை என்பதே நல்ல செய்தி. வாதக் காய்ச்சல் வந்த பிள்ளைக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போட்டுவந்தால் அது திரும்புவதைத் தடுக்கலாம். வால்வு பாதிக்கப்படாதிருந்தால் ஐந்து வருடமோ 21 வயதுவரையோ, இவற்றில் எது நீண்டதோ அதுவரை. வால்வு கெட்டிருந்தால் 40 வயதுவரையும் அதற்குமேலும். வருடத்துக்கு 17 ஊசி. வலிக்கும் ஊசி. ஒரு வியாதியும் தெரியாத பிள்ளைக்கு! அம்மா ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, பஸ் பிடித்து, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் அழைத்துவர வேண்டும். ஆறாவது ஊசிக்கு வராமற்போவதன் காரணம் உங்களுக்கு இப்போது விளங்கும். சிகிச்சையின் பாரம் முழுவதும் இந்தத் தொடர்ச்சியில்தான் இருக்கிறது.

4. தளர்ந்த இருதயம்

கொதிப்போ, பழைய மாரடைப்போ, வால்வுக் கோளாறோ முற்றினால் இருதயம் இரத்தத்தைத் தள்ளும் பலத்தை இழக்கிறது. இரண்டு மூன்று தலையணை வைத்தால்தான் தூக்கம்; நடுராத்திரியில் திணறி எழுந்து சன்னலோரம் உட்காருதல்; மாலையில் கால் வீக்கம். இவர்கள் தினமும் காலையில் எடை பார்க்க வேண்டும். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால் அது சதையல்ல, நீர். உடனே வர வேண்டும். உப்பைக் குறைத்து, நீர் பிரியும் மாத்திரையையும் இருதயத்தைத் தாங்கும் மாத்திரைகளையும் விடாமல் எடுக்கிறவர்கள் பல வருடம் நலமாக வாழ்கிறார்கள்.

எதுவென்று எப்படிச் சந்தேகிப்பது?

வியாதியைத் தீர்மானிப்பது மருத்துவரின் வேலை. ஆனாலும் வீட்டில் உள்ளவர்கள் கவனித்துச் சொல்லும் விவரம் எங்களுக்குப் பெரிய உதவி.

• படுத்தால் கூடி, எழுந்து உட்கார்ந்தால் குறைகிறதா? காலும் வீங்குகிறதா? இருதயத்தைச் சந்தேகியுங்கள்.
• வந்து வந்து போகிறதா? விடியற்காலையில் விசிலோசையா? ஆஸ்துமாவாக இருக்கலாம்.
• புகையில் வாழ்ந்தவருக்கு வருடத்துக்கு வருடம் கூடுகிறதா? நுரையீரல் அடைப்பு நோயாக இருக்கலாம்.
• இரண்டு வாரத்துக்குமேல் இருமலும் எடைக்குறைவும் உண்டா? சளிப் பரிசோதனை வேண்டும்.
• கண்ணிமையின் உட்புறமும் நாக்கும் வெளுத்திருக்கிறதா? இருதயமும் நுரையீரலும் நன்றாக இருந்து, இரத்தசோகையால் மட்டும் மூச்சு வாங்கலாம். குடற்புழுவும் சத்துக்குறைவும் உள்ள தோட்டத் தொழிலாளரிடம் இது மிகுதி.
• திடீரென்று நெஞ்சழுத்தமும் வியர்வையுமா? எதையும் யோசிக்க வேண்டாம், 108.

மலைக்கு வரும் உங்களுக்கு

உங்களில் பலர் மே மாதத்தில் சபை முகாம்களுக்கும் தியானக் கூட்டங்களுக்கும் கொடைக்கானல் வருகிறீர்கள். சில ஆலோசனைகள்:

• சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்கள், சிறிது நடந்தாலே நெஞ்சுவலி வருகிறவர்கள், வீட்டில் ஆக்சிஜன் எடுப்பவர்கள், கொதிப்பு கட்டுக்குள் வராதவர்கள் முதலில் தங்கள் மருத்துவரைக் கேட்டு வரவும்.
• முதல் இரண்டு நாள் மெதுவாக நடக்கவும். வந்த அன்றே ஏரியைச் சுற்றி வர வேண்டாம்.
• மாத்திரைகளை இரண்டு மூன்று நாளுக்குக் கூடுதலாக எடுத்துவரவும். மருந்துச் சீட்டையும் கைப்பையில் வைக்கவும். வாயு நிறைந்த இன்ஹேலர் கடுங்குளிரில் சரியாக வேலை செய்யாது. உடையின் உட்பையில் வைத்துக்கொள்ளவும்.
• விரலில் பொருத்திப் பார்க்கும் கருவி, கீழே காட்டியதைவிட இங்கே ஓரிரு புள்ளி குறைவாகக் காட்டலாம். சுகமாக இருப்பவர் அதற்காகப் பயப்பட வேண்டாம். மூச்சுத் திணறலோடு அது குறைந்தால் உடனே மருத்துவரிடம் வரவும்.
• குளிருக்காக மூடிய அறைக்குள் கரி அடுப்பை ஒருபோதும் வைக்க வேண்டாம். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை, தூங்குகிறவர்கள் விழிப்பதில்லை.

உங்கள் காணிக்கை செய்வது என்ன?

மருத்துவமனை என்றால் கட்டடமும் இயந்திரமும் கண்முன் வரும். அவையும் தேவைதான். ஆனால் இப்பாடத்தை வாசித்த உங்களுக்கு இப்போது வேறொன்றும் தெரியும். இவ்வியாதிகளில் பெரும்பாலானவற்றுக்கு மருந்து விலை உயர்ந்ததல்ல. சிலவற்றை அரசே இலவசமாகக் கொடுக்கிறது. விட்டுப்போவது தொடர்ச்சி. மூன்றாம் மாதத்துக் காசநோய் மாத்திரை, ஆறாவது பென்சிலின் ஊசி, சுகமாக இருக்கும் நாளில் எடுக்கும் கொதிப்பு மாத்திரை: இவைதான் தவறுகின்றன. நோயாளியின் பஸ் கட்டணம், கிராமச் செவிலியரின் பயணம், வராதவரின் பெயரைக் குறித்துவைக்கும் நோட்டு ஆகியவற்றை யாரும் படம் எடுத்துப் போடுவதில்லை. உங்கள் காணிக்கை அதிகமாகப் பலன் தருவது அங்கேதான். மாதந்தோறும் சிறு தொகையைத் தவறாமல் அனுப்பும் அன்பர்களே, நாள் தவறாத சிகிச்சையை உங்கள் நாள் தவறாத ஈகைதான் தாங்குகிறது. உங்களுக்கு எங்கள் மனமார்ந்த நன்றி.

குழுக்களில் கலந்து பேச

1. உங்கள் சபையில் இரத்தக் கொதிப்பு மாத்திரையை இடையில் நிறுத்தியவர்கள் உண்டா? நிறுத்தியதற்கு அவர்கள் சொல்லும் காரணம் என்ன?
2. உங்கள் ஊரில் நெஞ்சுவலி வந்தால் இரவு 2 மணிக்கு ஈ.சி.ஜி. எடுக்க அருகிலுள்ள இடம் எது? சபையார் அனைவருக்கும் அது தெரியுமா?
3. காசநோய் கண்ட ஒருவரைச் சபையார் விலக்காமல் ஆறு மாதமும் தாங்குவது எப்படி? மாத்திரையை நினைவூட்ட யார் பொறுப்பேற்பது?
4. ஆலய வளாகத்திலும் விருந்துகளிலும் உப்பையும் புகையையும் குறைக்க நாம் செய்யக்கூடியவை எவை?

இதை வாசித்தபின் இத்தாளை எடுத்து வைத்துவிடாமல், மேடு ஏற மூச்சு வாங்கும் உங்கள் அண்டை வீட்டாருக்கு வாசித்துக் காட்டுங்கள்.